எந்த வாயிலை அடைப்பது?
புதுமடம் கரையிலிருந்து வலி மருத்துவத்தைப் பார்த்தல்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், உச்சிப்புளிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது புதுமடம். இந்தக் கரைகளில் வலை உதறும்போது மீனும் நண்டும் கணவாயும் கூடைக்குப் போகும். விலை போகாதவை மணலில் விழும். அப்படிக் கழித்துப் போடுவதில் அடிக்கடி காணக் கூடியவை இரண்டு. ஒன்று, வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும் பேத்தை மீன். அது குழம்புக்கு ஆகாது, நஞ்சு என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று, ஐஸ்கிரீம் கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற வடிவில் வரியும் புள்ளியும் ஓடிய கூம்புச் சங்கு. இதன் ஓடு இராமேசுவரம் கடைவீதியில் பாசி, சோழியோடு அலங்காரப் பொருளாகிவிடும்.

கடந்த அறுபது ஆண்டுகளில் வலியைப் பற்றி மருத்துவம் கற்ற பாடங்களில் இரண்டு பெரிய பாடங்கள் இந்த இரண்டு உயிர்களின் நஞ்சிலிருந்து வந்தவை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு 2025-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புது மாத்திரையை, பேத்தையின் கதை தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் மகப்பேறு அறுவைக்கு முன் முதுகில் போடும் ஊசியும் இதே கதையின் ஒரு கிளைதான்.

வலி என்னும் சேதி

தமிழில் வலிக்குச் சொல் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, தெறிப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோவைச் சொல்லும். பல்லில் தெறிப்பதும் மூட்டில் குடைவதும் காயத்தில் எரிவதும் ஒன்றல்ல என்று நோயாளிக்குத் தெரியும். ஆனால் அறுவைக்குப் பின் படுக்கை அருகே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வலி இருக்கா, இல்லையா?" எரிச்சலும் தெறிப்பும் நரம்பே பழுதுபட்டதன் அடையாளமாக இருக்கலாம். தையல் போட்ட இடத்துக் கடுப்பு வேறு வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து எடுபடாது.

எந்த வகையானாலும் வலி மூளைக்குப் போய்ச் சேரும் வழி ஒன்றுதான். நரம்பிழையின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. தோலைக் கத்தி கீறியதும் அங்கிருக்கும் இழை முனையில் சோடிய வாயில்கள் திறக்கின்றன. சோடிய அயனிகள் உள்ளே பாய, அந்த இடத்தில் சிறு மின்னலை எழுகிறது. அது அடுத்த வாயிலைத் திறக்க, அது அதற்கடுத்ததைத் திறக்க, சேதி இழை நெடுக ஓடித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே ஓர் இழை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் கால்சிய வாயில்கள் திறந்தால்தான் சேதி கை மாறும். மாறிய பின்னரே மூளை "வலிக்கிறது" என்று சொல்கிறது.

ஆகவே வலியைத் தடுப்பது என்றால் ஏதோ ஒரு வாயிலை அடைப்பது. சிக்கல் என்னவென்றால், இதே வகை வாயில்கள்தான் இதயத்தைத் துடிக்க வைக்கின்றன, மூச்சுத் தசையை அசைக்கின்றன, நினைவையும் விழிப்பையும் காக்கின்றன. எல்லாவற்றையும் அடைத்தால் வலியோடு ஆளும் போய்விடுவார். வேண்டிய ஒன்றை மட்டும் அடைத்து மற்றதைத் திறந்து விடுவது எப்படி? மயக்கவியலின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குத் தேடிய விடைதான்.

இதுவரை கிடைத்த விடைகள் இரண்டு. மருந்தையே தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு வகை வாயிலில் மட்டும் ஒட்டும் மூலக்கூறைச் செய்வது ஒரு வழி. எல்லா வாயிலையும் அடைக்கும் சாதாரண மருந்தை, வேண்டிய இடத்தில் மட்டும் செலுத்துவது மற்றொரு வழி. முதலாவதற்குப் பெரிய ஆய்வகமும் பெரும் பணமும் வேண்டும். இரண்டாவதற்குப் பழகிய கை வேண்டும்.

பேத்தையின் பூட்டு

பேத்தையின் நஞ்சுக்கு டெட்ரோடாக்சின் என்று 1909-இல் பெயரிட்டவர் ஜப்பானிய வேதியியலாளர் தகாரா. அது உடலில் என்ன செய்கிறது என்பது 1964-இல்தான் தெளிவானது. தோஷியோ நராகாஷியும் அவரது கூட்டாளிகளும் அது நரம்பின் சோடிய வாயிலை, வேறெதையும் தொடாமல், மூடிபோல் அடைக்கிறது என்று காட்டினார்கள். பேத்தை தின்றவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போவதும், பிறகு கை கால் ஓய்ந்து மூச்சுத் தசை நின்று போவதும் இதனால்தான். நினைவு தப்பாமலே மூச்சு நிற்பது இந்த நஞ்சின் கொடுமை. இதற்கு மாற்று மருந்து இல்லை. நஞ்சு இறங்கும் வரை செயற்கை மூச்சு கொடுப்பதே சிகிச்சை.

கொல்லும் பொருள் ஆய்வகத்தில் அருமையான கருவியானது. மனித உடலில் சோடிய வாயில்கள் ஒன்பது வகை. 1.1 முதல் 1.9 வரை அவற்றுக்கு எண்ணிட்டிருக்கிறார்கள். பேத்தை நஞ்சை ஊற்றினால் பெரும்பாலானவை அடைந்துவிடும். சில மட்டும் அசையாமல் நிற்கும். 1996-இல் லண்டனில் ஜான் வுட் குழுவினர் அப்படி அசையாத ஒரு வாயிலை வலி உணரும் நரம்பிழைகளில் அடையாளம் கண்டார்கள். இன்று 1.8 என்று அழைக்கப்படுவது அதுதான். மூளையிலும் இதயத்திலும் பெரிய வேலை இல்லாமல், முக்கியமாக வலி நரம்புகளில் மட்டுமே காவல் இருக்கும் வாயில் அது. பேத்தையால் அடைக்க முடியாத அந்த வாயிலே பிறகு மருந்துக்கு இலக்கானது.

நடுவில் இன்னொரு வாயிலும் கவனத்துக்கு வந்தது. வட பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்த ஒரு சிறுவன் தீக்கங்கில் நடந்தான், கையில் கத்தியைக் குத்திக்கொண்டான். அவனுக்கு வலி என்பதே தெரியவில்லை. பதினான்கு வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்தான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் வலியே அறியாத ஆறு பேரை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை, அவர்களிடம் 1.7 வாயிலை உருவாக்கும் மரபணு வேலை செய்யவில்லை என்று கண்டது. வலியில்லாத வாழ்வு வரமாக இருப்பதில்லை என்பதையும் அந்தச் சிறுவனின் முடிவு சொல்லிற்று. 1.7-ஐ அடைக்கும் மருந்துகள் பல முயன்று பார்க்கப்பட்டன. நோயாளியிடம் அவை எதிர்பார்த்த பலன் தரவில்லை.

சங்கின் ஊசி

கூம்புச் சங்கு மெதுவாக ஊர்வது. அதன் இரையோ துள்ளி ஓடும் மீன், புழு, வேறு நத்தை. இந்தக் குறையை அது உள்ளீடற்ற ஈட்டி போன்ற ஒரு பல்லால் ஈடுசெய்கிறது. பல்லில் நஞ்சை ஏற்றி எறிந்தால் மீன் ஒரு நொடிக்குள் விறைத்துவிடும். ஒவ்வோர் இனத்தின் நஞ்சும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு புரதங்களின் கலவை. ஒன்று சோடிய வாயிலைப் பிடிக்கும், ஒன்று பொட்டாசிய வாயிலை, இன்னொன்று கால்சிய வாயிலை.

இதை மருத்துவத்துக்குக் கொண்டு வந்தவர் பிலிப்பைன்ஸ்காரரான பால்டோமெரோ ஒலிவேரா. அமெரிக்காவில் படித்து நாடு திரும்பியபோது அவருக்கு ஆய்வகக் கருவிகள் கிடைக்கவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து, சிறு வயதில் சேகரித்த சங்குகளின் நஞ்சைக் கையில் எடுத்தார். பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில் அவரிடம் சேர்ந்த பதினெட்டு வயது மாணவர் மைக்கேல் மெக்கின்டாஷ், ஒரு கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து எலியை நடுங்க வைக்கும் ஒரு கூறைப் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு புரதம் தண்டுவடத்தில் வலிச் சேதி கை மாறும் இடத்துக் கால்சிய வாயிலை மட்டும் அடைக்கிறது என்று பின்னர் தெரிந்தது. அதையே ஆய்வகத்தில் செய்து சிகோனோடைடு என்ற மருந்தாக்கினார்கள். 2004 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோய் அல்லது எய்ட்ஸ் காரணமாக, மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலியுள்ள 111 பேர் பங்கேற்றார்கள். மருந்து பெற்றவர்களின் வலி அளவு சராசரியாக 53 விழுக்காடு குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 18 விழுக்காடு. மார்பின் போல இது மூச்சை அடக்குவதில்லை. நாள்பட்டால் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதும் இல்லை.

ஆனால் இதை விழுங்கவோ கையில் ஊசியாகப் போடவோ முடியாது. வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பு வைத்து, அதிலிருந்து குழாயைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் விட்டு, மைக்ரோகிராம் கணக்கில் சொட்ட வேண்டும். வேகமாக ஏற்றினால் தலைசுற்றலும் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரும். மூலக்கூறு எவ்வளவு தேர்ந்ததானாலும், அதை வேண்டிய இடத்துக்கு மட்டும் கொண்டு போகும் வேலை மிஞ்சி நிற்கிறது.

ஈயும் சங்கும்

இந்தக் கதையில் இந்தியப் பக்கமும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய கே.எஸ். கிருஷ்ணன் இரண்டு திசைகளில் இதே கேள்வியைத் துரத்தினார். முதலாவது மயக்க மருந்து. ஹாலோத்தேன் வாயுவைச் சுவாசித்தால் மனிதனைப் போலவே பழ ஈயும் மயங்கும். மற்றவை மயங்கும்போது மயங்காமல் நிற்கும் மரபு பிறழ்ந்த ஈக்களை அவரும் அமெரிக்காவின் ஹோவர்ட் நாஷும் பிரித்தெடுத்து 1990-இல் வெளியிட்டார்கள். அவற்றில் சிலவற்றில் கெட்டுப்போயிருந்தது ஓர் அயனி வாயிலை உருவாக்கும் மரபணு என்று 2002-இல் தெரியவந்தது. முழு மயக்கம் எப்படி வருகிறது என்ற பெரும் புதிரில் அது ஒரு தெளிவான தடயம்.

இரண்டாவது, கூம்புச் சங்கு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் கிருஷ்ணனும் கூட்டாக, நம் தென்கிழக்குக் கடலில் கிடைக்கும் சங்குகளின் நஞ்சை ஆராய்ந்தார்கள். கோனஸ் அமடிஸ் என்ற அழகிய முக்கோண வரி கொண்ட சங்கிலிருந்து 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கூறைப் பிரித்து 2003-இல் வெளியிட்டார்கள். பேத்தை நஞ்சுக்கு நேர் எதிரான வேலை அதற்கு. திறந்த சோடிய வாயிலைச் சாத்தவிடாமல் பிடித்து வைப்பது. இரைக்கு அது வலிப்பு. ஆய்வாளருக்கோ, வாயில் எப்படிச் சாத்திக்கொள்கிறது என்பதைப் படிக்க ஒரு சாவி. கிருஷ்ணன் 2014-இல் காலமானார். மயக்க மருந்தும் கடல் நஞ்சும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்று ஒரே மனிதர் தம் வேலையால் காட்டியிருப்பது அபூர்வம்.

இந்த ஆய்வு எதுவும் இன்றுவரை மருந்தாகவில்லை. ஆனாலும் மன்னார் வளைகுடா வெறும் மீன்பிடிக் கடல் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. 1949 முதல் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இருந்ததும் இந்தக் கடலோரத்து மண்டபத்தில்தான்.

மரத்துப்போகும் ஊசி

இனி இரண்டாவது வழி: சாதாரண மருந்தை வேண்டிய இடத்தில் மட்டும் செலுத்துவது. வியன்னாவில் கார்ல் கொல்லர் 1884-இல் கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டு, நோயாளி விழித்திருக்கவே கண் அறுவை செய்யலாம் என்று காட்டினார். கோகெயினின் அடிமைப்படுத்தும் குணமில்லாத மருந்தைத் தேடியவர்களில் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் லிடோகெயினைச் செய்தார். நம் மருத்துவமனைகளில் இன்றும் சைலோகெயின் என்ற பெயரில் புழங்குவது அதுதான். பல் பிடுங்கவும் தையல் போடவும் போடும் மரத்துப்போகும் ஊசி.

லிடோகெயினுக்கு 1.7 என்றும் 1.8 என்றும் பேதம் தெரியாது. கண்ட சோடிய வாயிலையெல்லாம் அடைக்கும். இரத்தத்தில் அளவு மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். அது பாதுகாப்பாக இருப்பது, மருத்துவர் அதை ஒரே ஒரு நரம்பைச் சுற்றி மட்டும் விடுவதால். மருந்துக்கு இல்லாத தேர்வை ஊசி முனை செய்து கொடுக்கிறது.

இதன் உச்சம் முதுகுத்தண்டில் போடும் ஊசி. ஜெர்மனியின் ஆகஸ்ட் பீர் 1898-இல் இதைத் தம்மீதும் உதவியாளர் மீதும் சோதித்தார். அதில் பல நாள் நீடித்த தலைவலி அவருக்கும் கிடைத்தது. இன்று அதே இடத்தில் லிடோகெயின் வகையைச் சேர்ந்த பியூபிவகெயினைச் சில மில்லிலிட்டர் விட்டால், தாய் விழித்திருக்கும்போதே குழந்தையை வெளியே எடுத்து அவள் கண்ணெதிரே காட்டலாம். பழைய தடித்த ஊசியால் வந்த தலைவலி, பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசி வந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது.

"முதுகுல ஊசி போட்டதிலேர்ந்து இடுப்பு விட்டுப்போச்சு" என்று சொல்லாத தாய்மார் நம் ஊரில் குறைவு. பிரசவ வலிக்காக முதுகில் மருந்து பெற்றவர்களையும் வேறு வழியில் வலி குறைக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு, பின்னாளில் அவர்களைத் தொடர்ந்து பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. நீண்ட கால முதுகுவலியில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கு பயன்படுத்தியது அறுவைக்குப் போடுவதைவிடத் தடித்த ஊசி என்பதையும் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தில் தளரும் இடுப்பு மூட்டுகள், குனிந்தபடி பால் கொடுப்பது, தூக்கமின்மை, ஓய்வில்லாமல் தொடங்கும் வீட்டு வேலை ஆகியவை வலிக்குப் போதுமான காரணங்கள். வலி பொய்யல்ல. பழியை ஊசி மீது போட்டுவிட்டால், உண்மைக் காரணத்துக்குச் செய்ய வேண்டிய உடற்பயிற்சி சிகிச்சை கிடைக்காமல் போகிறது.

அண்மை ஆண்டுகளில் இந்த வழியை வளர்த்தது அல்ட்ராசவுண்டு. நரம்பைத் திரையில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தலாம். 2016-இல் கனடாவிலிருந்து மவுரீசியோ ஃபொரேரோவும் கூட்டாளிகளும், முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அடியில் மருந்தைப் பரப்பும் எளிய முறை ஒன்றை அறிவித்தார்கள். மார்பு, விலா வலிக்கு இந்தியாவிலும் அது வேகமாகப் பரவியது. அது எப்படி வேலை செய்கிறது என்ற விவாதம் ஓயவில்லை. ஆபத்தான இடங்களிலிருந்து ஊசி முனை விலகி நிற்பது அதன் பெரிய வசதி.

இதே பழைய லிடோகெயினை வைத்து இந்தியாவில் நடந்த ஒரு பரிசோதனை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பாட்வே தலைமையில், நாட்டின் பல மையங்களில் சுமார் 1,600 மார்பகப் புற்றுநோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு, கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிடோகெயின் செலுத்தினார்கள். மற்றதெல்லாம் இரு பிரிவுக்கும் ஒன்றே. 2023-இல் வெளியான முடிவு: ஐந்து ஆண்டில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் ஊசி பெற்ற பிரிவில் 86.6 விழுக்காடு, பெறாத பிரிவில் 82.6 விழுக்காடு. உயிரோடு இருந்தவர்கள் முறையே 90.1, 86.4 விழுக்காடு. மருந்துச் செலவு சுமார் நூறு ரூபாய்.

ஏன் இப்படி? கத்தி பட்டதும் புற்றணுக்கள் கலைந்து ஓடுவதற்கு அவற்றின் சொந்த சோடிய வாயில்கள் உதவக்கூடும், லிடோகெயின் அவற்றை அடைத்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒப்பிட்ட பிரிவுக்கு வெற்று ஊசி போடப்படவில்லை, எந்தப் பிரிவில் யார் என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தது என்ற குறைகளைச் சுட்டியவர்கள் உண்டு. இன்னொரு நாட்டில் இதே முடிவு திரும்ப வந்தால்தான் ஐயம் தீரும். எனினும் நூறு ரூபாய் மருந்தைக் கொண்டு இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் துணிவு இந்தியாவிலிருந்து வந்தது பெருமைக்குரியது. காப்புரிமை காலாவதியான மருந்துக்கு எந்த நிறுவனமும் இவ்வளவு பெரிய சோதனையை நடத்தாது.

புது மாத்திரை

2025 ஜனவரி 30 அன்று அமெரிக்கா ஒப்புதல் அளித்த சுசெட்ரிஜின், பேத்தை நஞ்சுக்கு அசையாத அந்த 1.8 வாயிலை மட்டும் அடைக்கும் மாத்திரை. இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் வந்த முதல் புது வகை வலி மருந்து என்று வரவேற்கப்பட்டது. மூளைக்குள் வேலை செய்யாததால், மார்பின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகளைப் போல மயக்கமோ அடிமைத்தனமோ தராது என்பது அதன் சிறப்பு. ஓபியாய்டு மாத்திரைகளால் பல லட்சம் உயிர்களை இழந்த அமெரிக்காவுக்கு அதன் மதிப்பு தெரியும்.

சோதனைகள் இரண்டு அறுவைகளுக்குப் பின் நடந்தன. வயிற்றுச் சதை குறைக்கும் அறுவை ஒன்று, கால் பெருவிரல் எலும்பைத் திருத்தும் அறுவை மற்றொன்று. இரண்டிலுமாக 2,000-க்கும் மேற்பட்டோர். வெற்று மாத்திரையைவிட மருந்து தெளிவாகச் சிறந்தது. வயிற்று அறுவையில் சொல்லத்தக்க நிவாரணம் சுமார் இரண்டு மணி நேரத்தில் வந்தது, வெற்று மாத்திரையில் எட்டு மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஓபியாய்டான ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த வழக்கமான மாத்திரையை அது வெல்லவில்லை. முதுகிலிருந்து கால் வரை இழுக்கும் நரம்பு வலிக்கு 2024-இல் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. கடுப்புக்கும் தெறிப்புக்கும் ஒரே பூட்டு போதாது என்று நம் மொழி முன்பே சொல்லியிருப்பது இதைத்தான்.

2025-இல் அமெரிக்காவில் அறிமுகமானபோது இதன் ஒரு மாத்திரை 15.50 டாலர், நாளொன்றுக்கு இரண்டு. நம் நாட்டு நோயாளிக்கு அது ஒரு நாள் கூலியைவிட அதிகம்.

எழுந்து நடத்தல்

வலி குறைப்பதன் நோக்கம் அமைதியாகப் படுத்திருப்பது அல்ல, சீக்கிரம் எழுந்து நடப்பது. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் 1990-களில் கேட்ட கேள்வி எளியது. அறுவை நன்றாக முடிந்த நோயாளி ஏன் இன்னும் படுக்கையில் இருக்கிறார்? விடை தேடி அவர் வலி, வாந்தி, பட்டினி, குழாய்கள், படுக்கை ஓய்வு என ஒவ்வொன்றையும் தனித்தனியே அவிழ்த்தார். ஒரே பெரிய மருந்துக்குப் பதில், பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மாத்திரை, நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி என்று பல சிறு வாயில்களில் சிறிது சிறிதாக அடைப்பது அவர் முறை. மார்பின் தேவை குறையும், குடல் சீக்கிரம் அசையும், நோயாளி மறுநாளே எழுந்து உட்காருவார்.

இதில் நம் ஊருக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு பகுதி பட்டினி பற்றியது. முந்திய இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது என்ற பழைய கட்டளை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மயக்கவியல் சங்கங்களின் இன்றைய வழிகாட்டுதல் வேறு. பிரியாணி, இறைச்சி போன்ற கனத்த உணவுக்குப் பின் 8 மணி நேரம், இட்லி போன்ற எளிய உணவுக்கும் பாலுக்கும் பின் 6 மணி நேரம், தண்ணீர், பால் சேர்க்காத வரக்காப்பி போன்ற தெளிந்த பானத்துக்குப் பின் 2 மணி நேரம் இடைவெளி போதும். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, குடல் அடைப்புள்ளவர் ஆகியோருக்குக் கணக்கு மாறும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணி அறுவைக்கு முதல் நாள் மாலையிலிருந்தே நாக்கு வறண்டு காத்திருந்தவர், அறுவை அறைக்குள் நுழையும் முன்பே களைத்துப் போகிறார்.

கடலுக்கும் கரைக்கும்

இவ்வளவு கொடுத்த கடலுக்கு நாம் என்ன செய்கிறோம்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கூம்புச் சங்கில் ஓரினம் 2001-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது. மற்ற பல இனங்கள் தொடர்ந்து வலையில் ஏறுகின்றன. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், உள்ளூர் உயிர் வளத்திலிருந்து வணிகப் பயன் பெறுவோர் அதைப் பகிர வேண்டும் என்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியும் இதற்கென ஒரு குழு அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாளை ஒரு சங்கு மருந்தானால், அதன் பங்கைக் கேட்கும் உரிமை கரைக்கும் உண்டு. கேட்பதற்கு முதலில் அந்தக் குழு உயிரோடு இயங்க வேண்டும்.

கரையில் திரிபவருக்கு ஓர் எச்சரிக்கை. உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள், பையில் போடாதீர்கள். அதன் பல் குறுகிய முனையிலிருந்து நீண்டு பக்கவாட்டிலும் எட்டும். சில இனங்களின் குத்து மனித உயிரைப் பறித்திருக்கிறது. அதற்கும் மாற்று மருந்து இல்லை.

கரைக்கு என்ன வேண்டும் என்பதற்கு விடை ஏற்கெனவே கையிலிருக்கிறது: இருக்கும் மருந்து நோயாளிக்கு எட்ட வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் வாங்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மார்பினுக்கு மூலமான அபினி விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் மார்பின் கிடைக்காமல் துடித்தார்கள். கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றோரும் விடாமல் வாதாடியதால் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே வலி தணிப்பையும் உடற்பயிற்சி சிகிச்சையையும் கொண்டு செல்லும் திட்டம். 2022 ஜனவரியில் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது.

பேத்தையும் சங்கும் உலகுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒரே ஒரு வாயிலை மட்டும் அடைக்க முடியும் என்பதை. அந்த வழியில் செய்த மருந்துகள் அருமையானவை, விலையும் அருமையானது, பலனோ இன்னும் அளவானது. மருந்தை மலிவாக வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்து அடைக்கும் பழைய வழிதான் இன்று புதுமடத்து நோயாளிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு பழகிய கை, ஓர் அல்ட்ராசவுண்டு கருவி, சில பத்து ரூபாய் குப்பி. ஆகவே புது மாத்திரை எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரத்தில், நம் பக்கத்து அரசு மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கும் மயக்கவியல் மருத்துவர் பணியில் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால், கிராம சபையில் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி அது.